மார்த்தாண்டம் ரோட்டோரத்து மக்களுக்கு நன்றி

சந்தை அக்காமார்களுக்கும், ஆட்டோ அண்ணன்மார்களுக்கும், மேம்பாலத்துக்குக் கீழே கடை வைத்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

மாசி மாதத்திலிருந்து டேப்பும் அட்டையுமாக உங்கள் வழியை மறித்துக்கொண்டு நின்ற கட்டடக்கலை மாணவர்கள் நாங்கள்தான். "கடைய இடிக்கவா மக்களே வந்திருக்கிய?" என்று முதல் நாள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இந்த ரோட்டில் அளவெடுக்க வந்தவர்கள் நல்ல சேதி கொண்டுவந்ததாக யாருக்கும் நினைவில்லை.

மேம்பாலம் 2018ல் வந்தது. தூரத்துக்குப் போகிற வண்டிகள் மேலே ஏறிவிட்டன. கீழே ஊர் எப்படி நடமாட வேண்டும் என்று வரைவதுதான் எங்களுக்குக் கொடுத்த பாடம். பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை வரும் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இது. உங்களுக்கு இன்னும் பழைய 47தான். எங்களுக்கும் இப்போது அப்படியே வாயில் வருகிறது.

மீன்கார அம்மாவுக்குத்தான் முதல் நன்றி. ரோட்டைக் கடக்க ஆளுக்கு விநாடிக்கு 1.2 மீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். 14 மீட்டர் அகலம் என்றால் 12 விநாடி போதும். இதை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னோம். அவர் பதில் பேசாமல் கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, "வா, கூட நட" என்றார். பாதி ரோட்டில் பைக் ஒன்று குறுக்கே வர, நின்று, கூடையைச் சரிசெய்து, மறுபடி நடந்தோம். எங்கள் 12 விநாடி நடுரோட்டிலேயே தீர்ந்துபோனது. அன்று ராத்திரியே வரைபடத்தில் நடுவில் நின்று போக ஒரு திட்டு சேர்த்தோம்.

"எங்கள எங்க போடுவிய?" என்று அதே அம்மா கேட்டதால்தான் 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தையே எடுத்துப் படித்தோம். தெருவோரத்தில் எங்கே விற்கலாம் என்று பரிந்துரைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று அதில் இருக்கிறது. வகுப்பில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

ஆட்டோ அண்ணன்மார்களுக்கு அடுத்த நன்றி. நாங்கள் வந்தது வெயில் காலம்; ஓடை காய்ந்து கிடந்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. எந்த மழைக்கு எங்கே தண்ணி கட்டும் என்று சாக்பீஸால் ரோட்டிலேயே கோடு போட்டுக் காட்டினீர்கள். நாங்கள் அழகாக மரமும் பெஞ்சும் வரைந்திருந்த இடம் வாழைக்குலை இறக்கும் இடம் என்று சிரித்துக்கொண்டே சொன்னதும் நீங்கள்தான். பெஞ்சை எடுத்துவிட்டோம். மரத்தைத் தள்ளி வைத்திருக்கிறோம், அதில் மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஒரு அலுவலகத்தில் பழைய வரைபடம் கேட்டு மூன்று தடவை அலைந்தோம், கிடைக்கவில்லை. அப்புறம் சாயா கடை மாமா மேம்பாலம் வருவதற்கு முந்தைய ரோட்டை நினைவிலிருந்தே காகிதத்தில் போட்டுத் தந்தார். எந்த வாசலில் எந்தக் கடை இருந்தது என்பது வரை அதில் இருக்கிறது.

இது மாணவர்கள் போட்ட வரைவு மட்டும்தான். நாளைக்கே ரோடு மாறிவிடும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். பிரதி ஒன்றைச் சாயா கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், பக்கத்தில் பென்சிலும் கட்டித் தொங்குகிறது. தப்பு இருந்தால் அதிலேயே கோடு போடுங்கள். பதினேழு சாயாவுக்குக் காசு பாக்கி இருக்கிறது மாமா, திங்கட்கிழமை வந்து தருகிறோம்.

அன்புடன்,
மூன்றாமாண்டுப் பிள்ளைகள்