எனது இரண்டு விமர்சனங்களை எதற்காக நீக்கினீர்கள்?

பெறுநர்: உணவக விமர்சனத் தளத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மற்றும் விமர்சனங்களைச் சரிபார்க்கும் குழு

பொருள்: ஒரு பப், ஒரு உணவகம் பற்றிய என் விமர்சனங்களைக் காரணம் சொல்லாமல் நீக்கியது தொடர்பாக

வணக்கம்.

உங்கள் தளத்தில் நான் பல வருடங்களாக எழுதி வருகிறேன். லண்டனில் இருக்கிறேன், வேலை விஷயமாக இங்கிலாந்துக்குள்ளும் பாரிஸுக்கும் அடிக்கடி போய்வருகிறேன், எங்கே சாப்பிட்டாலும் ஞாபகம் மங்குவதற்குள் எழுதிவிடுவது என் பழக்கம். போன மாதம் என் விமர்சனங்களில் இரண்டு காணாமல் போயின. ஒன்று வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர் பப், இன்னொன்று பாரிஸில் ஒரு பிஸ்ட்ரோ, அதாவது சின்ன உணவகம். இரண்டுக்கும் உங்களிடமிருந்து வந்தது ஒரே வரி: "எங்கள் விதிமுறைகளுக்கு உட்பட்டதாக இல்லை." எந்த விதி, எந்த வாக்கியம், யார் புகார் கொடுத்தது, எதுவும் இல்லை. பதில் போட்டால் இந்த முகவரிக்கு அஞ்சல் அனுப்ப முடியாது என்று திரும்பி வருகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பப். ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்தோடு சண்டே ரோஸ்ட், அதாவது அடுப்பில் சுட்ட இறைச்சியும் உருளைக்கிழங்கும் கிரேவியும் சேர்ந்த ஞாயிறு விருந்து, சாப்பிடப் போயிருந்தோம். நான் கொடுத்தது மூன்று நட்சத்திரம், தயவுசெய்து அதைக் கவனியுங்கள். பீப்பாயிலிருந்து கைப்பம்பில் இழுத்துத் தந்த ஏல் பியர் அருமையாக இருந்தது, உருளைக்கிழங்கு வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருந்தது, பரிமாறிய பையன் மரியாதையாக நடந்துகொண்டான், இதையெல்லாம் எழுதினேன். யார்க்‌ஷயர் புட்டிங் (மாவும் முட்டையும் பாலும் கலந்து சுடுவது) அட்டை மாதிரி காய்ந்து போயிருந்தது, கிரேவி மேலே ஆடை படிந்து வந்தது, அதையும் எழுதினேன். ஆனால் நான் மெனக்கெட்டு உட்கார்ந்து எழுதியதற்கு முக்கியமான காரணம் வேறு. என் மகளுக்கு முந்திரி, வால்நட் மாதிரி கொட்டை வகைகள் ஒத்துக்கொள்ளாது, தெரியாமல் சாப்பிட்டால் நேராக ஆஸ்பத்திரிதான். அந்த மெனுவில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு, கொட்டைகளைப் போட்டுச் சுடும் நட் ரோஸ்ட் இருந்தது. அதனால் கேட்டேன்: அதற்கும் இறைச்சி ரோஸ்டுக்கும் ஒரே கிரேவியா, ஒரே தட்டில் வைத்துத்தான் அடுப்பில் வேகிறதா, எடுத்துப் போடுவது ஒரே கரண்டியா என்று. "இருக்காதுன்னுதான் நினைக்கிறேன்" என்ற மாதிரி ஒரு பதில் வந்தது. ஒவ்வாமை விவரம் இருக்கும் ஃபைலைக் காட்டச் சொன்னேன். கவுன்ட்டருக்கு அடியில் தேடினார்கள், சமையலறையில் தேடினார்கள், கிடைக்கவில்லை. பிரிட்டனில் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிச் சரியான தகவல் தரவேண்டியது உணவகத்தின் சட்டபூர்வமான பொறுப்பு, நினைக்கிறேன் என்பது தகவல் ஆகாது. மகளை அங்கே சாப்பிட விடவில்லை, உறையில் எல்லாப் பொருளும் அச்சிட்டிருக்கும் சாண்ட்விச் ஒன்றைப் பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுத்தோம். இதே பிரச்சினை உள்ள குழந்தையோடு அந்த ஊருக்குப் போகிற இன்னொரு குடும்பம் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதினேன். நீங்கள் எடுத்துப் போட்டது அதைத்தான்.

பாரிஸ் பிஸ்ட்ரோவில் நடந்தது வேறு மாதிரி. கதவிலும் மெனுவிலும் 'ஃபே மெஸோன்' (இங்கேயே சமைத்தது) சின்னம் ஒட்டியிருந்தார்கள், அதாவது வீட்டுக் கூரையை மூடியாகக் கவிழ்த்த பாத்திரப் படம். 2014-இல் பிரான்ஸ் அரசு சட்டம் போட்டுக் கொண்டுவந்தது அது. சமைக்காத பொருளை வாங்கி அந்த இடத்திலேயே சமைத்தால்தான் போடலாம், வேறெங்கோ சமைத்து வந்ததைச் சூடு பண்ணிக் கொடுத்தால் போடக்கூடாது. எங்கள் மேஜை சமையலறை வாசலுக்கு நேர் எதிரே. நான் கேட்டது கான்ஃபி, கொழுப்பிலேயே மெதுவாக வேகவைக்கும் வாத்துக்கால். வெந்நீரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கி, கத்தரிக்கோலால் முனையை வெட்டி, அந்த வாத்துக்காலை என் தட்டில் அவர்கள் சரித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சுவை மோசமில்லை, அதையும் எழுதினேன். அப்புறம் தண்ணீர். பிரான்ஸில் சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீர் ஜாடியில் இலவசமாகக் கேட்டு வாங்கலாம், அப்படிக் கேட்கலாம் என்று மெனுவிலோ அறிவிப்புப் பலகையிலோ எழுதி வைக்கவேண்டும் என்றும் 2022-இலிருந்து விதி இருக்கிறது. எங்களிடம் பாட்டில் மட்டும்தான் உண்டு என்று சொல்லி, 6 யூரோ 50 காசு பில்லில் ஏற்றினார்கள்.

இதில் கோபமாக எழுத எவ்வளவோ இருந்தது, நான் எழுதவில்லை. 2014-இல் பிரான்ஸின் போர்தோ நகர நீதிமன்றம், கடுமையான தலைப்பு வைத்து ஒரு உணவகத்தைப் பற்றி எழுதிய பெண்ணுக்கு 1,500 யூரோ நஷ்டஈடு கட்டச் சொன்னதும் தலைப்பை மாற்றச் சொன்னதும் எனக்குத் தெரியும். அதனால் "போகாதீர்கள்" என்றோ "ஏமாற்றுகிறார்கள்" என்றோ நான் எழுதுவதே கிடையாது. என்ன பார்த்தேன், என்ன கேட்டேன், எவ்வளவு கொடுத்தேன், அவ்வளவுதான். இப்படி ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எழுதுகிற ஆளைத்தான் விதிமீறல் என்று தூக்கிப் போட்டிருக்கிறீர்கள்.

பிஸ்ட்ரோ உரிமையாளர் என் விமர்சனத்துக்குக் கீழே, இந்த நபர் எங்கள் கடைக்கு வந்ததே இல்லை என்று பதில் எழுதியிருந்தார். இரண்டு நாளில் விமர்சனம் போய்விட்டது. தேதி, மேஜை எண், வாத்து, தண்ணீர் பாட்டில் எல்லாம் உள்ள பில் என்னிடம் இருக்கிறது. நீங்கள் கேட்கவே இல்லை. இவ்வளவு வருடத்தில் எத்தனையோ இடங்களைப் புகழ்ந்து எழுதியிருக்கிறேன், ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். நீ அங்கே போனாயா, சாப்பிட்டாயா, ஆதாரம் என்ன என்று அதற்கெல்லாம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. குறை சொன்னால் மட்டும் சந்தேகம் வருகிறது.

அதே பிஸ்ட்ரோ பக்கத்தில் இப்போது போய்ப் பாருங்கள். ஒரே வாரத்தில் வரிசையாக வந்த ஐந்து நட்சத்திரங்கள், எழுதியவர்களில் பலருக்கு வாழ்க்கையில் அது ஒன்றுதான் விமர்சனம், பாதிப் பேர் என்ன சாப்பிட்டார்கள் என்றே சொல்லவில்லை. அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, குற்றம் சாட்டவும் இல்லை. ஆனால் பொய் விமர்சனம் எவ்வளவு சுலபம் என்பது உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாததில்லை. 2017-இல் லண்டன் டல்விச்சில் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று பதிந்து, நண்பர்களை வைத்தே எழுதவைத்து, ஒரு தளத்தில் லண்டனின் முதலிடத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். அதுபோன்ற பொய்யைப் பிடிக்கத்தான் சரிபார்ப்பு. பில் வைத்திருப்பவனின் எழுத்தை அழிப்பதற்கு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். பிரான்ஸில் 2018 ஜனவரி 1 முதல், ஒரு விமர்சனத்தை வெளியிட மறுத்தால் எழுதியவருக்கு அதற்கான காரணத்தைத் தளம் தெரிவிக்கவேண்டும். இது உண்மையான விமர்சனம் இல்லை என்று கடைக்காரர் சொன்னால், அவரும் காரணத்தோடு சொல்லவேண்டும். பிரிட்டனில் 2025 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு குறை சொல்லும் விமர்சனங்களை நீக்கித் தவறான தோற்றம் தருவது தடை செய்யப்பட்ட நடைமுறைகளில் ஒன்று. சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் சி.எம்.ஏ. ஆணையம் இதற்கு, நிறுவனத்தின் உலகளாவிய வருமானத்தில் 10 சதவீதம் வரைக்கும் அபராதம் போடலாம்.

எனக்கு வேண்டியது பணமோ கூப்பனோ இல்லை. இரண்டு விமர்சனங்களையும் நான் எழுதியபடியே, நான் சாப்பிட்ட தேதியோடு திரும்பப் போடுங்கள். முடியாது என்றால் எந்த வாக்கியம் எந்த விதியை மீறியது என்று ஒரு மனிதர் படித்துப் பார்த்து எழுத்தில் சொல்லட்டும். வாக்கியத்தில் பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன். பப் விமர்சனத்தை மட்டும் தாமதிக்காதீர்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கே குழந்தைகளோடு ஆட்கள் வருவார்கள்.

14 நாளுக்குள் பதில் வராவிட்டால் பப் விஷயத்தை சி.எம்.ஏ.வுக்கும், பாரிஸ் விஷயத்தைப் பிரெஞ்சு அரசின் நுகர்வோர் புகார்த் தளமான சிக்னல் கான்சோவுக்கும் அனுப்புவேன். பில்களின் நகலும், நீக்கப்படுவதற்கு முன் நான் எடுத்து வைத்திருந்த இரண்டு விமர்சனங்களின் படங்களும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தளத்தில் எழுதிவரும் வாடிக்கையாளர்,
லண்டன்