ஆற்றடியில் கிடந்த ரெட்வுட்

அன்புள்ள கதிருக்கு,

தோள்வலி குறைந்து மறுபடி இழைப்புளி பிடிக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. கிட்டாரை முடித்துவிட்டு எழுதலாம் என்றுதான் பதிலைத் தள்ளிப்போட்டேன்.

மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸை விட்டால் வேறு மரமே இல்லை என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் நாம். இந்த முறை ரெட்வுட் போட்டேன். கலிபோர்னியாவின் வட கடற்கரை மரம், 100 மீட்டருக்கு மேலும் வளரும். அந்தப் பழங்காட்டில் சுமார் 5 சதவீதம்தான் மிச்சம். அதனால் பழைய பாலம், ரயில் சுரங்கம் இவற்றிலிருந்து கழற்றிய மரத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். என்னுடையது, அந்தக் காலத்தில் வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டபோது மூழ்கிப்போன கட்டை. தண்ணீரிலிருந்த தாது ஊறி, சிவப்புக்கு நடுவே கருங்கோடுகள் ஓடுகின்றன. ஒரு அங்குலத்தில் 32 வளர்ச்சி ரேகை எண்ணினேன். ஓரத்தைப் பிடித்துத் தொங்கவிட்டு விரல்கணுவால் தட்டினால், எழுந்த நாதம் அடங்க வெகுநேரமாகிறது.

ஆனால் சட்டென்று பிளக்கிற மரம். போன மாதம் கம்பி பூட்டிய மறுநாளே, பலகைமேல் ஒட்டிக் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. பெயர்த்துப் பார்த்தேன். பசை விடவில்லை; பலகையின் நார்தான் தோல் மாதிரி உரிந்து வந்திருந்தது. தப்பு என் கத்தியுடையது. பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் வார்னிஷைச் சுரண்டுவதற்காக விளிம்பைச் சுற்றிக் கீறியிருந்தேன், கீறல் மரத்திலும் இறங்கிவிட்டது. ஸ்ப்ரூஸ் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இதில் அங்கிருந்தே கிழிய ஆரம்பித்துவிட்டது. உரிந்த நாரைத் திரும்ப ஒட்டி, சமப்படுத்தி, கொஞ்சம் அகலமான பிரிட்ஜாகச் செய்து வைத்தேன். நீ செய்யும்போது அந்த இடத்தில் டேப் ஒட்டி மறைத்துவிட்டு வார்னிஷ் அடி, கத்தியே வேண்டாம். பலகையையும் ரொம்ப இழைத்துவிடாதே. ஸ்ப்ரூஸை 2.7 மி.மீ. வரை இறக்குவேன், இதை 3-லேயே நிறுத்திவிட்டேன். அப்புறம், முகக்கவசம் இல்லாமல் தேய்க்காதே. இந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

போன ஞாயிறு மறுபடி கம்பி பூட்டினேன். ஸ்ப்ரூஸ் மாதிரி மாதக்கணக்கில் வாசித்துப் பழக்க வேண்டியதில்லை, முதல் நாளே குரல் திறந்துவிட்டது. கீழ்ஸ்தாயி அவ்வளவு கனிவு, விரல் பட்டாலே பேசுகிறது. ஓங்கி அடித்து வாசித்தால் மட்டும் ஒரு அளவுக்கு மேல் சத்தம் ஏறாமல் அமுங்கிவிடுகிறது. அப்படி வாசிப்பவர்களுக்கு இன்னமும் ஸ்ப்ரூஸ்தான் செய்து கொடுப்பேன். விரலால் மீட்டுகிற உனக்கு இதுதான் சரி.

அதே கட்டையில் அறுத்த இன்னொரு ஜோடிப் பலகை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். தோள் முழுசாகச் சரியானதும் எழுது, அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
இளங்கோ