நம்ம கார் சங்கத்தோட 2024-25 ஆண்டறிக்கை (கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க)

பெரியவங்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம். போன வருஷம் அறிக்கையை ஒரே பக்கத்துல முடிச்சேன், உடனே "என்னய்யா, செயலாளர் ஒண்ணுமே செய்யல போல"ன்னு பின்னாடி வரிசையில இருந்து ஒரு குரல் வந்துச்சு. இந்த வருஷம் செஞ்சிருக்கேன், அதனால நீளம். காபி வந்துருச்சு, குடிச்சுக்கிட்டே கேளுங்க.

வழக்கமானதை முதல்ல முடிச்சுர்றேன். ஆயுத பூஜை நடந்துச்சு. ரத்ததான முகாம் நடந்துச்சு. கானாடுகாத்தானுக்குப் பழைய கார் ஊர்வலம் போனோம், 9 வண்டி கிளம்பி 7 வண்டி சொந்தமா போய்ச் சேந்துச்சு. நிர்வாகக்குழு 6 தடவை கூடணும், 4 தடவை கூடுச்சு, அதுல 2 தடவை நானும் பொருளாளர் அண்ணனும் மட்டும் எதிரெதிரே உக்காந்து பணியாரம் சாப்பிட்டுட்டு எந்திரிச்சு வந்தோம்.

இப்ப அந்த எத்தனால் விஷயம். "சங்கத்துக் காசுல செயலாளர் தன் காருக்கு பம்ப் போட்டுக்கிட்டாரு"ன்னு பேச்சு ஓடுறது எனக்குத் தெரியாம இல்ல. கார் என்னோடது, மறுக்கல. பழைய ஃபியட் லீனியா டி-ஜெட், 1368 சிசி, கம்பெனி குடுத்தப்ப 114 குதிரை சக்தி. டர்போ (இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளுற கருவி) வச்ச வண்டியில ஒண்ணை எத்தனாலுக்கு மாத்திப் பாப்போம்னு தீர்மானம் போட்டது பொதுக்குழு, கைதூக்குனவங்க 31 பேரு, யாரு காரைக் குடுக்குறதுன்னு கேட்டப்ப தூக்குன கை ஒண்ணே ஒண்ணு. அது எது கைன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஏன் எத்தனால்னு இன்னும் கேக்குறவங்களுக்கு: ஆக்டேன் 108 கிட்ட இருக்கு, ஆவியாகுறப்ப பெட்ரோலை விட ரெண்டு மடங்குக்கு மேல சூட்டை இழுக்கும், அதனால டர்போ பூஸ்ட்டை, அதாவது அது தள்ளுற காத்தோட அழுத்தத்தை, ஏத்துனாலும் சட்டுனு நாக்கிங் (எரிபொருள் தாறுமாறா வெடிச்சு இன்ஜின் தட்டுறது) வராது. ஆனா ஒரு லிட்டர்ல இருக்குற சக்தி பெட்ரோல்ல மூணுல ரெண்டு பங்குதான். பெட்ரோலுக்கு ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காத்து, சுத்த எத்தனாலுக்கு 9 கிலோதான். அதாவது அதே காத்துக்கு எக்கச்சக்கமா எரிபொருள் ஊத்தணும், இ85 கலவைன்னா (85 சதவீதம் எத்தனால், மிச்சம் பெட்ரோல்) அளவுல ஏறக்குறைய 40 சதவீதம் கூட. இங்கதான் செலவே ஆரம்பிக்குது.

கணக்கை அப்படியே சொல்றேன், ஏன்னா "550 சிசி இன்ஜெக்டர் எதுக்கு"ன்னு கேள்வி வந்துச்சு (இன்ஜெக்டர்னா இன்ஜினுக்குள்ள எரிபொருளைப் பீச்சுறது, 550ங்கிறது நிமிஷத்துக்குப் பீச்சுற அளவு). 200 குதிரைக்கு பெட்ரோல்ல ஓட்டுனா ஒரு இன்ஜெக்டருக்கு நிமிஷத்துக்கு 280 சிசி பக்கம் வேணும், எத்தனால் கலவைக்கு 390 ஆகுது, இன்ஜெக்டரை 80 சதவீத நேரத்துக்கு மேல திறந்தே வச்சிருக்கக் கூடாது, அப்ப 490. அதுக்கு மேல கடையில கிடைக்குற அடுத்த சைஸ் 550. அவ்வளவுதான், ஆடம்பரம் ஒண்ணும் இல்ல. எரிபொருள் பம்ப்பும் அப்படித்தான், இந்தக் கணக்குக்கு மணிக்கு 95 லிட்டர் போதும், 255 லிட்டர் பம்ப் வாங்குனோம். கோட்டையூர் தம்பி 450தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. பெரிய பம்ப் போட்டா ஐடில்ல (வண்டி நின்ன இடத்துல சும்மா ஓடுறப்ப) மிச்ச எரிபொருள் எல்லாம் ரெகுலேட்டர் (பிரஷரைக் கட்டுப்படுத்துற கருவி) வழியா திரும்பிப் போக முடியாம பிரஷர் ஏறிக்கும், டேங்க்குல இருக்குறதும் சுத்திச் சுத்தி சூடாகும். நான் ஒத்துக்கல, அதுல இருந்து அவரு கூட்டத்துக்கு வரல, சந்தாவும் வரல.

கம்பெனி அமைப்புல ரிட்டர்ன் லைன், அதாவது மிச்ச எரிபொருள் டேங்க்குக்குத் திரும்புற குழாய், கிடையாது. 3 பார் பிரஷர் நிலையா நிக்குதுன்னு வைங்க, மேனிபோல்டுல (இன்ஜினுக்குக் காத்து போற குழாய்) 1.2 பார் பூஸ்ட் எதுத்துத் தள்ளுனா இன்ஜெக்டருக்கு மிஞ்சுறது 1.8தான், ஊத்துற அளவு 22 சதவீதம் குறைஞ்சுரும், அதுவும் எப்ப, நிறைய வேணுங்குற நேரத்துல. அதனால ரிட்டர்ன் லைன் புதுசா இழுத்து, பூஸ்ட் ஏற ஏற அதே அளவு பிரஷரையும் ஏத்துற ரெகுலேட்டர் போட்டோம். எல்லாம் எங்க வீட்டுப் பின்கட்டுலதான். ஸ்பிரிட் வாடை தெரு வரைக்கும் போயி, ஆச்சி வீட்டுல சாராயம் காய்ச்சுறாகன்னு அடுத்த வளவுல பேச்சாகி, எங்க வீட்டு ஆச்சி ஒரு வாரம் என்கிட்ட பேசல. இதெல்லாம் எந்தக் கணக்குப் புத்தகத்துலயும் வராது.

முதல் தடவை கோயம்புத்தூர் கரி டிராக்குக்கு டிரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போனோம் (ரோட்டுல ஓட்டல, வண்டியில மாத்தம் பண்றதைப் பத்தின மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு ஞாபகம் இருக்கு, கேக்குறவங்களுக்காகச் சொல்றேன்). வர்றேன்னு பேர் குடுத்தது 14 பேரு, வந்தது ரெண்டு பேரு, மிச்சப் பேரு வாட்சப்புல கட்டைவிரல் காட்டுனீங்க. 5500 ஆர்பிஎம் தாண்டுனதும் லேம்டா (காத்துக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதம், ஏறுனா எரிபொருள் பத்தலைன்னு அர்த்தம்) 0.80ல நிக்க வேண்டியது 0.95க்கு ஏறிருச்சு, கால எடுத்துட்டேன். இன்னும் ரெண்டு செகண்டு அமுக்கியிருந்தா பிஸ்டன் போயிருக்கும். ஓடுனப்ப பதிவான லாக்ல பாத்தா எரிபொருள் பிரஷர் 4.2 பார் இருக்கணும், 3.4தான் இருந்துச்சு.

ஊருக்கு வந்து தோண்டுனோம். முதல்ல பம்ப்புக்கு வர்ற கரெண்ட், ஆல்டர்னேட்டர்ல 13.8 வோல்ட், பம்ப் வாய்ல 11.6. கம்பெனி வயர் ஒல்லி, புது பம்ப்புக்குப் பத்தாது. பேட்டரியில இருந்தே தடிச்ச வயர், ரிலே, ஃபியூஸ் போட்டதும் 3.8 வரைக்கும் வந்துச்சு. அப்புறம் பில்டர், உள்ள காகிதம், காப்பி டிகாஷன் கலர்ல இருந்துச்சு. டேங்க்குல பத்து வருஷமா ஒட்டியிருந்த பிசினை எத்தனால் கரைச்சுக் கொண்டாந்து அங்க சேத்து வச்சிருக்கு. அதுக்குப் பதிலா கழுவி மாட்டுற எஃகு வலை பில்டர் 10 மைக்ரான் போட்டோம். அப்பவும் முழுசா வரல.

கடைசியா டேங்க்கைத் திறந்தா பம்ப்புக்கு மேல இருக்குற அந்த அரை அடி ஹோஸ் தண்ணியில ஊறுன அப்பளம் மாதிரி உப்பி, கிளாம்ப் நழுவி, பாதி எரிபொருள் டேங்க்குக்குள்ளயே கொப்புளிச்சுக்கிட்டு இருக்கு. எரிபொருளுக்குள்ள முங்கிக் கிடக்குற ஹோஸ் தனி ரகம், எஸ்ஏஇ 30ஆர்10னு அச்சடிச்சிருக்கும், வெளிய ஓடுற சாதா பியூவல் ஹோஸ் உள்ளுக்கு ஆகாது. அந்த ஹோஸை வாங்குனது யாருன்னு விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டாம், நான்தான், மூணு கடை ஏறி எறங்குனேன், இருட்டிருச்சு, இருந்ததை வாங்கிட்டு வந்துட்டேன். வெளிய ஓடுற லைன் முழுக்க அப்புறம் பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஹோஸ், ஓ-ரிங் எல்லாம் எத்தனாலைத் தாங்குற வைட்டான் ரப்பர். ரெண்டாவது தடவை போனப்ப 4.2 பார் ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு.

இன்னொண்ணு, இ85 கலக்குறேன்னு சொல்றவங்க கவனமா கேளுங்க. பங்குல இப்ப பெட்ரோல்னு ஊத்துறதே இ20, அதாவது 20 சதவீதம் வரைக்கும் எத்தனால். 2024 மார்ச்ல எத்தனால் 100னு சில பங்குல விக்க ஆரம்பிச்சாங்க, நம்ம மாநிலமும் அதுல உண்டு, ஆனா பேருலதான் நூறு, உள்ள எத்தனால் 93 சதவீதம் சொச்சம், மிச்சம் பெட்ரோலும் கலப்பு சேக்குற சரக்கும். நான் 32.5 லிட்டர் அதுவும் 7.5 லிட்டர் இ20ம் ஊத்தி 85 வரும்னு பேப்பர்ல கணக்கு போட்டேன், ஃபிளெக்ஸ் பியூவல் சென்சார் (எரிபொருள்ல எத்தனால் எவ்வளவுன்னு அளக்குறது) 129 ஹெர்ட்ஸ் காட்டுச்சு. அதுல 50ஐக் கழிச்சா வர்றதுதான் சதவீதம், அப்ப 79. "சென்சார் தேவையா, கையால கலந்தா போதாதா"ன்னு கேட்ட பெரியவருக்கு இதுதான் பதில், அந்தச் செலவை எழுந்து ஆட்சேபிச்சவரும் அவரேதான்.

சரி, டர்போ இல்லாதவங்களுக்கு இதுல என்னன்னு தேவகோட்டை ஐயா கேட்டாரு, பழைய வண்டிக்காரங்க எல்லாரும் தலையாட்டுனீங்க. உங்க வண்டிகளுக்குத்தான் இது முதல்ல. நம்ம ஊர் வீடுகள்ல வண்டிக் கொட்டகையில வருஷத்துல பத்து மாசம் பூட்டுக்குள்ள நிக்குது, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் திறக்குறோம். இ20 ஊத்தி நிறுத்துனா எத்தனால் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி வைக்கும், அளவு மீறுனா தண்ணியும் எத்தனாலும் சேந்து அடியில போயி உக்காரும், டேங்க் துருப்பிடிக்கும், கார்புரேட்டர் பாடி வெள்ளையா பூத்துப் போகும், பழைய ரப்பர் ஹோஸ் உப்பும், கார்க் கேஸ்கட் உதிரும். ஊர்வலத்துல நின்னுபோன ரெண்டு வண்டியோட பில்டரையும் நான் கழட்டிப் பாத்தேன், என் கார்ல வந்த அதே டிகாஷன். அரிமானம், அதாவது உலோகம் துருப்பிடிச்சு அரிக்கிறது, அதோட ஆராய்ச்சிக்குப் பேர் போன சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) நம்ம காரைக்குடியிலயே இருக்கு, 1948ல அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து வந்தது, அங்க ஓய்வு பெத்த ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து ரெண்டு மணி நேரம் பேச வச்சேன். கேக்க வந்தது 6 பேரு, அதுல ஒருத்தர் டீ மாஸ்டர். தேவகோட்டை ஐயா அன்னைக்கு வந்திருந்தா இன்னைக்கு இந்தக் கேள்வியே இல்ல.

கணக்கு. வரவும் செலவும் கிட்டத்தட்ட சரியா வந்துருச்சு, கொஞ்சம் இழுத்துப் பிடிச்சிருக்கு. எத்தனால் திட்டத்துக்கு அறுபது ஆயிரத்துச் சொச்சம், அதுல சங்கம் நாப்பது, மிச்சம் நான். ரெண்டு பில்லு காணோம், எண்ணெயில நனைஞ்சு எழுத்தே போயிருச்சு, ஆடிட்டர் தம்பிகிட்ட சொல்லிட்டேன், முகம் சுளிச்சாரு, கையெழுத்துப் போட்டாரு. பம்ப், ரெகுலேட்டர், இன்ஜெக்டர், சென்சார் நாலும் சங்கச் சொத்துன்னு பதிவேட்டுல ஏத்தியாச்சு, வேணும்னா இன்னைக்கே கழட்டித் தர்றேன், ஆனா வேற யாரு கார்ல மாட்டப் போறோம்னு முதல்ல முடிவு பண்ணிட்டு வாங்க.

சந்தா. உறுப்பினர் 42, கட்டுனவங்க 17. வருஷத்துக்கு 1200 ரூபாதான், மாசம் நூறு. கோயிலுக்குப் புள்ளி வரி (குடும்பத்துக்கு இவ்வளவுன்னு கட்டுறது) ஒரு நாள் தவறாம கட்டுற குடும்பம் எல்லாம் இங்கதான் உக்காந்திருக்கு, சிங்கப்பூர்ல இருந்துகூட நாள் பாத்து அனுப்புறீங்க. சங்கச் சந்தான்னு கேட்டா மட்டும் "அடுத்த வாரம் ஊருக்கு வர்றேன் தம்பி"ங்கிறீங்க. எந்த வாரம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் ரசீது புக்கோட ஸ்டேஷன்லயே வந்து நிக்கிறேன். பேரெல்லாம் வாசிக்கிறதா இருந்தேன், தலைவர் வேணாம்னுட்டாரு. பட்டியல் என் சட்டைப் பையில இருக்கு.

நன்றி சொல்லணும். தலைவருக்கு, பொருளாளர் அண்ணனுக்கு, மண்டபம் குடுத்தவங்களுக்கு, டிரெய்லரை டீசல் காசுக்கு மட்டும் அனுப்புன புதுவயல் அண்ணனுக்கு, கோயம்புத்தூர் வந்த அந்த ரெண்டு பேருக்கு, காபி குடுத்தவங்களுக்கு, எங்க வீட்டு ஆச்சிக்கு.

அடுத்த வருஷம் நான் செயலாளரா இருக்கணும்னு எனக்கு ஆசை இல்ல, இளவட்டம் யாராவது வந்தா சாவியையும் ரசீது புக்கையும் இப்பவே குடுத்துர்றேன். யாரும் வரலைன்னா, கார்ல ஒரு தீயணைப்பான் கூட இன்னும் போடல, எத்தனால் தீ வெயில்ல கண்ணுக்கு சரியாத் தெரியாது, அது வாங்கணும். பழைய வண்டி ஒண்ணுக்கு ஹோஸ், கேஸ்கட் எல்லாம் மாத்திக் காட்டலாம்னும் இருக்கேன், தேவகோட்டை ஐயா வண்டியையே எடுத்துக்கலாம், ஐயாவுக்குச் சம்மதம்னா. 25 பேரு பாக்கி இருக்குறதைக் கணக்குப் போட்டா 30 ஆயிரம் வருது, அந்தக் காசுல ரெண்டும் முடிஞ்சிரும், புதுசா நன்கொடை ஒண்ணும் நான் கேக்கல.

கடைசியா, டேங்க் மேல இருக்குற லாக் ரிங் (பம்ப்பைப் பிடிச்சு வைக்கிற வளையம்) கழட்டுற டூல் ஆவணியில இருந்து காணோம். சங்கத்துது. எடுத்துட்டுப் போனவர் ஞாயித்துக்கிழமைக்குள்ள எங்க வீட்டுத் திண்ணையில வச்சிட்டுப் போயிருங்க, யாருன்னு கேக்க மாட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்