மேல் கமா: திருப்பூர் லேபிள் அச்சகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

லேபிளும் ஹேங் டேக்கும் அச்சிட்டுத் தரும் அன்பர்களுக்கும், டி-ஷர்ட்டில் வாசகம் அடித்துத் தரும் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைக்காரர்களுக்கும் வணக்கம்.

பனியன் கம்பெனியில் லேபிள் சரிபார்ப்பது என் வேலை. நீங்கள் அனுப்பும் மாதிரியில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புகிறவன் நான். ஆகவே இந்த மடலில் வரும் குற்றத்தில் பாதி என்னுடையது.

போன ஆடியில் குழந்தைகள் உடுப்பு ஒன்றுக்கு லேபிள் வந்தது. பையர், அதாவது சரக்கு வாங்கும் கம்பெனி, அனுப்பிய வடிவத்தில் ‘கிட்ஸ்’ என்ற சொல்லின் கடைசி எஸ்ஸுக்குப் பின்னால் மேல் கமா இருந்தது. பள்ளிக்கூடத்தில் அப்பாஸ்ட்ரபி என்று சொல்லிக்கொடுத்தார்களே, அதுதான். லேபிளில் அது எஸ்ஸுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தது. நானும் கவனிக்கவில்லை. நாலாயிரம் பீஸுக்குக் கழுத்தில் தைத்து முடித்த பிறகு பையரின் ஆள் கண்டுபிடித்தார். இரண்டு இரவு பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு கழுத்தாகத் தையல் பிரித்தார்கள். லேபிள் வந்துவிடும், ஊசி போன துளை போகாது. வெளிர் மஞ்சள் துணியில் துளைகள் எறும்பு வரிசைபோலத் தெரிந்தன. நிறைய பீஸ் செகண்ட்ஸ் கடைக்குப் போயிற்று.

கோபத்தோடுதான் அச்சகத்துக்குப் போனேன். கணினியில் இருந்த பெண்ணிடம், “ஏன் அம்மணி, வந்ததை அப்படியே வைக்க வேண்டியதுதானே?” என்றேன்.

“எஸ்ஸுக்கு முன்னால்தானே கமா வரும், அண்ணா? கடைசியில் தனியாகத் தொங்கியது. தவறு என்று நினைத்து நான்தான் திருத்தினேன்” என்றாள்.

அக்கறைப்பட்டுச் செய்த பிழை. அதன் பிறகு திட்ட வாய் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

கொஞ்ச நேரம் தமிழில் யோசியுங்கள். அந்த எஸ் வெறும் ‘கள்’ என்றால் கமா வேண்டாம். ‘உடைய’ என்றால் வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால்? குழந்தைகளுடைய: ‘கள்’ முதலில், ‘உடைய’ பிறகு. ஆங்கிலத்திலும் அதே வரிசைதான். எஸ்ஸை எழுதி முடித்துவிட்டுக் கமா. கிட்ஸ், பாய்ஸ், கேர்ள்ஸ், லேடீஸ் எல்லாம் இந்தக் கணக்கு. மென், விமென், சில்ரன் மூன்றும் எஸ் இல்லாமலே பன்மையானவை. அவற்றில் ‘கள்’ ஏற்கெனவே கரைந்திருப்பதால் கமா முதலில், எஸ் பிறகு. ஒரே ஹேங் டேக்கில் மென்ஸ், விமென்ஸ், கிட்ஸ் அடுத்தடுத்து வரும்போது மூன்றாவதில் மட்டும் கமா இடம் மாறியிருக்கும். கண்ணை உறுத்தும்தான். உறுத்தட்டும், கை வைக்காதீர்கள்.

மெஸ் பலகையில் பரோட்டாவின் பன்மைக்குக் கமா போட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்வதில்லை, குருமா நன்றாக இருந்தால் போதும். ‘அண்ட் சன்ஸ்’ என்பதில் எஸ்ஸுக்கு முன்னால் போடுவதைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு மகன்கள் உள்ள வீட்டில் கடையை ஒருவனுக்கு மட்டும் எழுதிவைத்ததுபோல் ஆகிவிடுகிறது. பாகப்பிரிவினை வரைக்கும் இழுக்கக்கூடிய கமா அது.

பட்டறைக்காரர்களின் தொல்லை வேறு. வாசகங்களில் கமா, எழுத்து விழுந்த இடத்தைக் காட்டுகிறது. ‘டூ நாட்’ சுருங்கி ‘டோன்ட்’ ஆகும்போது விழுவது ‘நாட்’ என்பதன் நடுவிலுள்ள ஓ. ஆகவே கமா ‘என்’ எழுத்துக்கும் ‘டீ’ எழுத்துக்கும் நடுவில் வரும். ‘டூ’ முடிந்தவுடன் போட்டுவிடாதீர்கள். தமிழிலும் எழுத்து விழும். ‘காடு இல்லை’ என்பது ‘காடில்லை’ ஆகும்போது உகரம் ஓடிவிடுகிறது. ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்’ என்ற நன்னூல் பவணந்தியாரை நம் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று உரிமை கொண்டாடுகிறோம். ஓடிய இடத்தில் குறி நடும் வழக்கம் நமக்கில்லை. ஆங்கிலேயர் 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து நட்டுக்கொண்டார்கள்.

‘இட்ஸ்’ என்ற சொல்லுக்கு மட்டும் என் ‘உடைய’ கணக்கைக் கொண்டுவராதீர்கள். ‘இட் இஸ்’, ‘இட் ஹாஸ்’ என்று விரித்துப் படிக்க முடிந்தால் கமா உண்டு. ‘அதனுடைய’ என்றால் இல்லை. ‘ஹிஸ்’ என்பதற்கு யாரும் கமா போடுவதில்லையே, இதுவும் அதே குடும்பம்.

இப்போது 90களின் பாணி டி-ஷர்ட் நிறைய ஓடுகிறது. 19 விழுந்துவிட்டதால் 90க்கு முன்னால் கமா வருகிறது. கணினி அதை மேற்கோள் தொடக்கம் என்று எண்ணி 6 வடிவில் திருப்பிவிடும். 9 வடிவில்தான் இருக்க வேண்டும். இரண்டு கமா தட்டி முதலாவதை அழித்துவிட்டால் சரியாகிவிடும்.

“பர்மிங்ஹாமில் தெருப் பலகையிலிருந்தே எடுத்துவிட்டார்களாமே, நாம் ஏன் அழ வேண்டும்?” என்று அச்சக உரிமையாளர் ஒருவர் கேட்டார். உண்மைதான். பலகைகளில் இனிக் கமா போடுவதில்லை என்று இங்கிலாந்தின் அந்த மாநகராட்சி 2009இல் அறிவித்தது. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடையும் 2012இல் தன் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. அவர்கள் பலகை, அவர்கள் பெயர். நம் கையில் இருப்பது அடுத்தவர் லேபிள். சந்தேகம் வந்தால் திருத்தாமல் என்னைக் கூப்பிடுங்கள், இரவு பத்து மணியானாலும் எடுப்பேன்.

அந்த லேபிள் ரோலில் மிச்சம் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க ஒன்று வேண்டுமென்று அந்தப் பெண் வாங்கிக்கொண்டு போனாள். உங்களுக்கும் தருகிறேன்.

இப்படிக்கு,
லேபிள் சரிபார்ப்பவன்,
திருப்பூர்