பெயர் தெரியாத அந்த அக்காவுக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள அனைவருக்கும்,

நேற்று மாலை என் மகள் மைதானத்தை மெதுவாக ஒரு சுற்று ஓடி முடித்துவிட்டு, "வலிக்கலைம்மா" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து கண் கலங்கிக்கொண்டே இருக்கிறது. ஓட்ட அணியில் இருக்கும் அவளுக்கு அடிபட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி விரிவாகச் சொல்லப்போவதில்லை.

முதல் நன்றி எக்ஸ்ரே அறைக்கு வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவுக்கு. வெகுநேரமாகக் காத்திருந்தோம். மகள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தாள். "நேரா உட்காரு" என்று நான் இரண்டு முறை அதட்டியும்விட்டேன். அந்த அக்கா மாப்பைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்தார். "பாப்பாவுக்கு உட்கார்ற எடத்துலதான் வலி. பாருங்க, அந்தப் பக்கம் ஊன மாட்டேங்குது" என்றார். ஸ்ட்ரெச்சரில் கிடந்த போர்வையை எடுத்து நாலாக மடித்து, வலியில்லாத பக்கத்துக்கு அடியில் வைத்தார். அடிபட்ட பக்கம் பலகையில் படாமல் நின்றது. மகள் அப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட்டாள். நான் நன்றி சொல்வதற்குள் அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தொடையில் தசைப்பிடிப்பு என்றே அதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் மகளே, "உட்கார்ந்தா வலிக்குது" என்றாள். உடனே இடுப்பையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொன்னார். பின்தொடைத் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் பற்றியிருக்கும் இடத்தில், நாம் உட்காரும் எலும்பிலிருந்து ஒரு சிறு துண்டு பிய்ந்திருந்தது. வளரும் வயதில் தசைநாண் உறுதியாக இருக்கும், எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டுதான் பலவீனமாக இருக்கும். அதனால் பெரியவர்களுக்குத் தசையோ நாணோ கிழிகிற மாதிரியான இழுப்பில், பிள்ளைகளுக்கு எலும்போடு பெயர்ந்து வந்துவிடுமாம். நானோ பிடிப்பு விடட்டும் என்று காலை நீட்டி நீட்டி மடக்கச் சொல்லியிருந்தேன். அதை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

துண்டு 2 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசித்திருப்போம் என்றார் டாக்டர். இவளுக்கு 1 சென்டிமீட்டர்கூட இல்லை. ஊன்றுகோல், ஓய்வு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி. வகுப்பிலும் சாப்பாட்டு மேசையிலும் மடித்த போர்வை ஒன்று அவளோடு போனது. எப்படி மடிக்க வேண்டும் என்று அந்த அக்கா காட்டியபடியேதான் மடித்தோம்.

பொறுமையாக விளக்கிய டாக்டருக்கும், இரண்டு கால்களின் பலமும் கிட்டத்தட்ட சமமாகும்வரை வேக ஓட்டம் கிடையவே கிடையாது என்று நின்ற பிசியோதெரபிஸ்டுக்கும், பை தூக்கிய தோழிகளுக்கும், ஓட முடியாத நாட்களிலும் ஸ்டாப்வாட்ச்சைக் கையில் கொடுத்து அவளை அணியோடு வைத்துக்கொண்ட பயிற்சியாளருக்கும், வேளை தவறாமல் விசாரித்த எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இனி எந்தப் பிள்ளை வலி என்றாலும், அந்த வலிக்கு நானே ஒரு பெயர் வைப்பதற்கு முன் பிள்ளை எப்படி உட்கார்கிறது, எப்படி எழுகிறது என்று பார்ப்பேன்.

அந்த அக்காவைத் தேடி இரண்டு முறை போனேன், பார்க்க முடியவில்லை. அடுத்த வாரம் மறுபரிசோதனைக்குப் போகிறோம். மகள் இந்த முறை ஊன்றுகோல் இல்லாமல் நடந்தே வருவாள். ஒவ்வொரு தளமாகக் கேட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம்.

நன்றியுடன்,
ஓர் அம்மா