முதல் பத்து நிமிடமும் கதைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் புனைவுப் படம் ஒன்றுக்குத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த விமர்சனத்தில், கதை தொடங்கவே பத்து நிமிடம் ஆகிவிடுகிறது என்று குறை கூறப்பட்டிருந்தது. குடும்பக் கதையில் நாம் வாழும் உலகமே களம் என்பதால், தாமதமாக வந்து அமர்பவரும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டு தொடர்ந்துவிடலாம். அறிவியல் புனைவில் உலகமே புதிது. அங்கே எது நடக்கும், எது நடக்காது, எதைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதையெல்லாம் பார்வையாளர் அறிந்துகொள்வது அந்த முதல் சில நிமிடங்களில்தான்.

ரிட்லி ஸ்காட் இயக்கி 1979இல் வெளியான ‘ஏலியன்’ படத்தைப் பாருங்கள். இருண்ட வான்வெளியின் மீது சிறு கோடுகள் ஒவ்வொன்றாகத் தோன்றி, மெல்ல மெல்லப் படத்தின் பெயராகக் கூடுகின்றன. ஊழியர் ஏழு பேருடனும் இரண்டு கோடி டன் தாதுவுடனும் பூமிக்குத் திரும்பும் சரக்குக் கப்பல் என்ற விவரம் எழுத்தில் வருகிறது. இவர்கள் சாகசத்துக்குப் புறப்பட்ட வீரர்கள் அல்லர், கூலிக்கு வேலை பார்ப்பவர்கள் என்பது அதிலேயே விளங்கிவிடுகிறது. பிறகு கேமரா ஆளில்லாத நடைவழிகளில் நிதானமாக நகர்கிறது. திடீரென ஒரு கணினி தானாக விழித்துக்கொள்ள, அதன் திரையில் ஓடும் எழுத்துகள் எதிரே இருக்கும் வெறும் தலைக்கவசத்தின் கண்ணாடியில் தெரிகின்றன. ஒரு முகத்தையும் காட்டாமல், ஒரு வார்த்தையும் பேசவிடாமல், இந்தக் கப்பலில் மனிதருக்கு முன்பே விழித்திருப்பது வேறொன்று என்ற அச்சத்தை அந்தக் காட்சி ஊன்றிவிடுகிறது.

அதே இயக்குநரின் ‘பிளேட் ரன்னர்’ (1982) தருவதோ துயரம். 2019 நவம்பர், லாஸ் ஏஞ்சலஸ்: இருளில் ஆலைக் கோபுரங்கள் தீயைக் கக்குகின்றன, அந்தத் தீ ஒரு கண்ணின் விழியில் தெரிகிறது. அடுத்த காட்சியிலேயே, எதிரில் இருப்பவர் மனிதரா, செயற்கை மனிதரா என்பதைக் கண்ணைச் சோதித்துத்தான் அறிய முயல்கிறார்கள். தமிழில் ‘இன்று நேற்று நாளை’ (2015) படமும் 2065இல்தான் தொடங்குகிறது. அங்கிருந்து வரும் காலயந்திரத்தைக் காணாதவருக்கு, நம் காலத்து இளைஞர்கள் கையில் அது கிடைப்பது வெறும் தற்செயலாகவே தோன்றும்.

நீளமான தொடக்கங்கள் எல்லாம் நல்லவை என்று நான் வாதிடவில்லை. போரையும் அழிவையும் பின்னணிக் குரலிலேயே விளக்கித் தீர்த்துவிடும் படங்கள் எனக்கும் சலிப்பூட்டுகின்றன. எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் கால் வைக்கும்போதே உள்ளே விரியப்போகும் வளவின், அதாவது நடுமுற்றத்தின், பெருமை மனத்தில் பதிந்துவிடும். யாரும் வாசலில் நின்று அதை விவரிப்பதில்லை.

ஆனால் படத்தின் அந்த முகப்பைப் பார்க்கவே எங்கள் ஊர்ப் பக்கம் வழியில்லை. இங்குள்ள ஓர் அரங்கில் அண்மையில் இத்தகைய படம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். படம் ஓடத் தொடங்கிய பிறகும் கதவு திறந்தே கிடந்தது, கைபேசி வெளிச்சத்தில் இருக்கை எண் தேடி ஆட்கள் வந்தவண்ணம் இருந்தனர், பக்கச் சுவர் விளக்குகள் பெயர்கள் ஓடி முடிந்த பிறகே அணைந்தன. இருளை நம்பி எடுக்கப்பட்ட காட்சி திரையில் வெளிறிய சாம்பல் நிறமாகத் தெரிந்தது. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் ‘நாம் இருவர்’ (1947) படத்தை எடுத்த காரைக்குடியில் இப்படி நடப்பது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது.

எனவே, விளம்பரங்கள் முடிந்ததும், படத்தின் முதல் சட்டகத்துக்கு முன்பே, விளக்குகளை அணைத்துக் கதவைச் சாத்துமாறு அரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் விமர்சகர்களும் தொடக்கக் காட்சியின் நீளத்தை மட்டும் அளக்காமல், அது எத்தகைய உலகைக் கட்டுகிறது, எந்த மனநிலையில் நம்மை அமர்த்துகிறது, பின்வரும் கதை அதற்கு உண்மையாக இருக்கிறதா என்பதையும் எழுத வேண்டுகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்குடி