லிஃப்ட் கிட் கட்டுரையில் விட்டுப்போன ஷாஃப்ட்

ஆசிரியருக்கு வணக்கம்.

வண்டியை உயர்த்துவது பற்றிய உங்கள் கட்டுரையில் டயர், ஷாக் அப்சார்பர், செலவு எல்லாம் விரிவாக வந்திருந்தது. ஆனால் உயர்த்திய கையோடு பலரை ஒர்க்‌ஷாப்புக்கு அலையவைக்கும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (எஞ்சின் விசையை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு) பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் நண்பரின் மாருதி ஜிப்ஸியில் பட்டை ஸ்பிரிங்கை சேஸியோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமானதாக மாட்டி உயர்த்தினார்கள். வேகம் 60 கி.மீ. தாண்டினால் சீட்டும் தரையும் நடுங்கும். போன இடத்தில் முதலில் வீல் பேலன்சிங், அப்புறம் அலைன்மென்ட், கடைசியில் டயரையே மாற்றச் சொன்னார்கள். முன்சக்கரக் கோளாறு என்றால் ஆட வேண்டிய ஸ்டீயரிங் ஆடவே இல்லை என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் ஏறக்குறைய 4 சுற்று சுற்றிவிடும், கோணம் கெட்ட கிராஸ் (ஷாஃப்ட் முனையில் மடங்கித் திரும்பும் இணைப்பு) ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உதைக்கும். அதனால் டயர் கோளாறு தடதடக்கும், ஷாஃப்ட் கோளாறு உறுமும்.

அதிர்வு வரும் வேகத்தில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். எஞ்சின் சத்தம் இறங்கியும் அதிர்வு நிற்கவில்லையென்றால் எஞ்சினை விட்டுவிடலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் அதிர்வு மாறினால் முதல் சந்தேகம் கோணத்தின் மேல்தான். முன் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு டூ வீல் டிரைவில் ஒரு நடை ஓட்டினால் கோளாறு முன்னாலா பின்னாலா என்பதும் தெரிந்துவிடும். கிராஸ் கப்பைச் சுற்றி செம்மண் தூள் மாதிரி துரு இருந்தால் கிரீஸ் வற்றி பேரிங் போய்க்கொண்டிருக்கிறது.

டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் ஷாஃப்ட்டுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) பக்கக் கோணமும் டிஃபரன்ஷியல் (ஆக்சிலில் உள்ள பல்சக்கரப் பெட்டி) பக்கக் கோணமும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும், அப்போதுதான் ஒரு கிராஸ் தரும் ஏற்ற இறக்கத்தை இன்னொன்று சரிக்கட்டும். ஷேக்கிளை நீட்டினால் ஆக்சில் லேசாகத் திரும்பி இந்தக் கணக்கு கெடுகிறது. அளக்கும்போது வண்டி தன் சக்கரங்களில் நிற்க வேண்டும். அந்த ஒர்க்‌ஷாப்பிலோ லிஃப்டில் தூக்கி, ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அளந்தார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் சரியான டிகிரியில் ஒரு சாய்வுத் தகடு வைத்ததும் நண்பரின் வண்டி அடங்கியது. டிரான்ஸ்ஃபர் கேஸைக் கீழே இறக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். ஜிப்ஸியில் அது கியர்பாக்ஸை ஒட்டி இல்லாமல் தனியாக நிற்கிறது, இறக்கினால் நடுவிலுள்ள குட்டி ஷாஃப்ட்டின் கோணம் கெடும், யோசித்துச் செய்யுங்கள்.

அடுத்த இதழில் கோணம் அளக்கும் முறையைப் படத்தோடு போட்டால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்